கடலைப் பார்த்த பீரங்கி, வானில் வந்த விமானம்

செபராங் ஜெயாவில் பாடம் நடத்தும் எந்த ஆசிரியருக்கும் இது பழகிப்போன ஒன்று. பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்திலிருந்து போர் விமானம் ஒன்று கிளம்பும். இரைச்சல் கேட்டதும் வகுப்பில் எல்லாத் தலைகளும் சன்னல் பக்கம் திரும்பும். ஆனால் சத்தம் வரும் இடத்தில் விமானம் இருக்காது. அது எப்போதோ அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கும்.

ஒலி காற்றில் ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்லும். 3.4 கிலோமீட்டர் தள்ளிப் பறக்கும் விமானத்தின் சத்தம் நம் காதுக்கு வர 10 விநாடி ஆகும். நாம் கேட்பது 10 விநாடிக்கு முந்தைய விமானத்தை. இந்தச் சின்ன உண்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மாணவர்களே. பினாங்கின் வரலாற்றில் மிகத் துயரமான ஒரு வாரத்தைப் புரிந்துகொள்ள அது உதவும்.

படிவம் 4 மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு, இரண்டாவது பினாங்குப் பாலத்தைக் கடந்து பத்து மாவுங் குன்றுக்குப் போயிருந்தேன். அங்கே 1930களில் பிரிட்டிஷார் கட்டிய கடற்கரைக் கோட்டை இருக்கிறது. வட்டமான பீரங்கி மேடை, வெடிமருந்துக் கிடங்கு, நிலத்தடிச் சுரங்கப்பாதை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரு மாணவன் கேட்டான்: "டீச்சர், இவ்வளவு பெரிய பீரங்கி இங்கே இருந்ததே, ஜப்பான் விமானம் குண்டு போட்டபோது ஏன் சுட்டு வீழ்த்தவில்லை?"

நல்ல கேள்வி. அதற்கான விடையில் வரலாறு பாதி, இயற்பியல் பாதி.

எம்டன் விட்டுச்சென்ற அச்சம்

துணிச்சலும் தந்திரமும் நிறைந்த ஆளை நம் பெரியவர்கள் "அவன் பெரிய எம்டன்" என்பார்கள். எம்டன் என்பது முதல் உலகப்போரில் இந்தியப் பெருங்கடலைக் கலக்கிய ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு அது சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்தது. அடுத்த மாதமே, அக்டோபர் 28ஆம் தேதி விடியற்காலையில், பொய்யான நான்காவது புகைபோக்கி ஒன்றை வைத்துப் பிரிட்டிஷ் கப்பல் போல வேடமிட்டுக்கொண்டு நம் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. அங்கு நின்றிருந்த ஜெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. வெளியேறும் வழியில் மூஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்துவிட்டுப் போனது.

அந்தக் காலத்தில் ஒரு துறைமுக நகருக்கு ஆபத்து என்றால், அது கடலிலிருந்து கப்பலில் வரும் ஆபத்துதான். அதற்கு மருந்தாகக் கருதப்பட்டது கடற்கரைப் பீரங்கி. பத்து மாவுங் குன்று தீவின் தென்கிழக்கு மூலையில், தெற்கிலிருந்து துறைமுகத்துக்கு வரும் நீர்வழியைப் பார்த்தபடி இருக்கிறது. அங்கே 6 அங்குலப் பீரங்கிகள் நிறுவப்பட்டன. 6 அங்குலம் என்பது குழலின் உள்விட்டம், அதாவது 152 மில்லிமீட்டர். அதன் குண்டு ஒன்றின் எடை சுமார் 45 கிலோகிராம். கடலில் வரும் எதிரிக் கப்பலுக்கு இது நல்ல ஆயுதம்தான்.

ஆனால் எம்டன் வந்துபோன பின் கடந்த 27 ஆண்டுகளில் விமானம் வளர்ந்துவிட்டது.

1941 டிசம்பர்

டிசம்பர் 8ஆம் தேதி நள்ளிரவு தாண்டியதும் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் தரையிறங்கியது. மறுநாள் 9ஆம் தேதி, சிங்கோராவில் இருந்த ஜப்பானியரைத் தாக்க பட்டர்வொர்த் தளத்தில் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் தயாராக நின்றன. ஆர்தர் ஸ்கார்ஃப் என்ற விமானி முதலில் மேலெழுந்தார். அந்த நேரத்தில் ஜப்பானிய விமானங்கள் வந்து தளத்தைத் தாக்கின. மற்ற விமானங்களால் கிளம்ப முடியவில்லை. ஸ்கார்ஃப் தனியாகவே போய்த் தாக்கினார். படுகாயத்துடன் திரும்பி அலோர் ஸ்டார் அருகே விமானத்தைத் தரையிறக்கி, தன்னுடன் வந்தவர்களைக் காப்பாற்றிவிட்டு உயிரிழந்தார். 1946இல் அவருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது.

10ஆம் தேதி குவாந்தான் கடற்பகுதியில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரு பெரும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. வானத்தின் முன்னால் கடல் வலிமை என்ன ஆகும் என்பதை உலகம் அன்று பார்த்தது.

11ஆம் தேதி, வியாழக்கிழமை, ஜோர்ஜ்டவுனின் முறை வந்தது. விமானங்கள் வரிசையாக வருவதைக் கண்டு மக்கள் ஓடி ஒளியவில்லை. தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். பலர் அவற்றைப் பிரிட்டிஷ் விமானங்கள் என்றே எண்ணினார்கள். நெரிசல் மிகுந்த கடைத்தெருக்களில் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். தீ பரவியது. மக்கள் நகரை விட்டு ஆயர் ஈத்தாம் பக்கமும் மலைப்பக்கமும் ஓடினார்கள். அடுத்தடுத்த நாள்களிலும் விமானங்கள் வந்தன.

அப்போது பினாங்கில் கடற்கரைப் பீரங்கி இருந்தது. விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்றுகூட இல்லை.

பீரங்கி என்றால் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. கடற்கரைப் பீரங்கியால் விமானத்தை ஏன் சுட முடியாது என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, கோணம். கடற்கரைப் பீரங்கி தொலைவில் மிதக்கும் கப்பலைச் சுட வேண்டும். அதனால் 6 அங்குலப் பீரங்கியின் பழைய தாங்கிகள் பலவும் குழலைச் சுமார் 20 டிகிரி வரை மட்டுமே உயர்த்தும்படி செய்யப்பட்டிருந்தன. மேலே வரும் விமானத்தை நோக்கி நிமிரவே அவற்றால் முடியாது. அதே காலத்து பிரிட்டிஷ் 3.7 அங்குல விமான எதிர்ப்புப் பீரங்கி 80 டிகிரி வரை நிமிரும். அதன் குண்டும் சிறியது, சுமார் 12.7 கிலோகிராம். ஆகவே நிமிடத்துக்குப் பத்துக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுடலாம்.

இரண்டாவது, வேகம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கப்பல் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று கொள்வோம். அது விநாடிக்கு 10 மீட்டர். பீரங்கிக் குண்டு கப்பலை அடைய 20 விநாடி ஆனால், அதற்குள் கப்பல் 200 மீட்டர் நகரும். கப்பலின் நீளமே 150 மீட்டர் இருக்கும். அதாவது ஏறத்தாழ ஒரு கப்பல் நீளத்துக்கு முன்னால் குறிவைத்தால் போதும்.

இப்போது விமானம். மணிக்கு 360 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் வருகிறது. குண்டும் விமானமும் சந்திக்க வேண்டிய இடம் பீரங்கியிலிருந்து 4,800 மீட்டர் தூரத்தில் உள்ளது. 3.7 அங்குலப் பீரங்கியின் குண்டு குழல் வாயை விட்டு வெளியேறும்போது விநாடிக்குச் சுமார் 790 மீட்டர் வேகத்தில் போகும். காற்றின் தடையால் வேகம் குறைந்துகொண்டே வரும். சராசரியாக 600 மீட்டர் என்று கொண்டால்:

குண்டு செல்லும் நேரம் = 4,800 ÷ 600 = 8 விநாடி
அதற்குள் விமானம் நகரும் தூரம் = 100 × 8 = 800 மீட்டர்

அன்று ஜப்பானியத் தரைப்படை பயன்படுத்திய கி-21 ரக குண்டுவீச்சு விமானத்தின் நீளம் சுமார் 16 மீட்டர். 800ஐ 16ஆல் வகுத்தால் 50. விமானத்துக்கு 50 விமான நீளம் முன்னால், அங்கே ஒன்றுமே இல்லாத வெறும் வானத்தைப் பார்த்துச் சுட வேண்டும்! சுட்ட பிறகு அந்த 8 விநாடிகளில் விமானி சற்றே திரும்பினாலும் குண்டு வீண்.

மூன்றாவது, உயரம். கப்பல் கடற்பரப்பை விட்டு எங்கும் போகாது. குண்டு தவறி விழுந்தாலும் தண்ணீர் பீறிட்டு எழும். அதைத் தொலைநோக்கியில் பார்த்து, "இன்னும் 100 மீட்டர் கூட்டு" என்று திருத்திக்கொள்ளலாம். கடல் ஒரு கரும்பலகை போல. எங்கே தவறு என்று அது காட்டிக்கொடுக்கும். வானத்தில் அப்படி எதுவும் இல்லை. விமானத்துக்கு முன்னால் போனதா, பின்னால் போனதா, மேலேயா, கீழேயா என்று தெரிந்துகொள்ளச் சாதாரணக் குண்டால் வழியில்லை.

நேரம் பார்த்து வெடிக்கும் குண்டு

இந்த மூன்று சிக்கல்களையும் தீர்க்க அக்காலப் பொறியியலாளர்கள் ஒரு குழுவாக இயங்கும் கருவிகளை உருவாக்கினார்கள்.

முதலில் தூரமானி. இடைவெளி விட்டு அமைந்த இரண்டு கண்ணாடிகள் ஒரே விமானத்தைச் சற்றே வேறுபட்ட கோணங்களில் பார்க்கும். ஒரு கண்ணை மூடி விரலைப் பாருங்கள், பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் நகர்வது போலத் தோன்றும். விரலை அருகில் கொண்டுவந்தால் நகர்வு கூடும். இந்த நகர்வை அளந்து தூரத்தைக் கண்டுபிடிப்பதே தூரமானியின் வேலை. தூரம் தெரிந்தால் உயரம் தெரியும். விமானம் 6,000 மீட்டர் நேர்தூரத்தில், தரையிலிருந்து 30 டிகிரி கோணத்தில் தெரிகிறது என்றால்:

உயரம் = 6,000 × சைன் 30° = 6,000 × 0.5 = 3,000 மீட்டர்

கணிதப் பாடத்தில் "இந்த சைன், கோசைன் எல்லாம் எதற்கு உதவும்?" என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பதில்.

அடுத்தது முன்கணிப்புக் கருவி. பற்சக்கரங்களும் உருளைகளும் நிறைந்த ஒரு பெட்டி. விமானத்தைத் தொடர்ந்து நோக்கிக்கொண்டே இருந்தால், அது இன்னும் சில விநாடிகளில் எங்கே இருக்கும் என்று கணக்கிட்டுப் பீரங்கி திரும்ப வேண்டிய திசையையும் கோணத்தையும் சொல்லும். மின்னணுக் கணினி வருமுன் இருந்த கணினி என்றே இதைச் சொல்லலாம்.

மூன்றாவது, குண்டின் மூக்கில் உள்ள நேரப் பொறி. விமானத்தின் மேல் நேராகப் படுவது அரிது. அதனால் குறித்த விநாடியில், விமானத்துக்கு அருகில், குண்டு தானே வெடித்துச் சிதற வேண்டும். ஆனால் நேரத்தில் 0.1 விநாடி பிசகினால் என்ன ஆகும்? குண்டு 600 × 0.1 = 60 மீட்டர் தள்ளி வெடிக்கும். இந்தக் குறையைப் போக்கவே பின்னர் ரேடியோ அலையை அனுப்பி, அது விமானத்தில் பட்டுத் திரும்புவதை உணர்ந்து வெடிக்கும் குண்டு உருவாக்கப்பட்டது. அமெரிக்கக் கடற்படை அதை 1943இல் போரில் பயன்படுத்தத் தொடங்கியது.

இரவிலும் மேகத்திலும் விமானத்தைக் கண்டுபிடிக்க, பெரிய கூம்புகள் கொண்ட ஒலி கேட்கும் கருவிகள் முதலில் இருந்தன. ஆனால் நம் வகுப்புச் சன்னல் கதைதான் அங்கும். காது காட்டும் இடத்தில் விமானம் இருக்காது. ரேடியோ அலை ஒளியின் வேகத்தில், விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். அதைப் பயன்படுத்தும் ரேடார் வந்ததும் ஒலிக் கருவிகள் ஓய்வுபெற்றன.

அண்ணாந்து பார்த்த 25 விநாடி

இனி, தெருவில் நின்றவர்களின் பக்கம் வருவோம்.

3,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்திலிருந்து வெடிகுண்டு விழுகிறது. காற்றுத் தடையைச் சேர்க்காமல், படிவம் 4இல் நாம் படித்த சூத்திரத்தைப் போட்டால்:

h = ½gt²
t = √(2 × 3,000 ÷ 9.8) ≈ 25 விநாடி

குண்டு கழன்றதும் நேர்க் கீழே விழுவதில்லை. விமானத்தின் வேகம் அதற்கும் இருக்கிறது. விநாடிக்கு 100 மீட்டர் வீதம், 25 விநாடியில் அது 2,500 மீட்டர் முன்னோக்கிப் போகும். பட்டர்வொர்த்துக்கும் ஜோர்ஜ்டவுனுக்கும் இடையில் ஃபெரி கடக்கும் நீரிணையின் அகலம் சுமார் 3 கிலோமீட்டர். ஆகவே அந்த உயரத்தில் கிழக்கிலிருந்து ஒரு விமானம் வந்தால், ஜோர்ஜ்டவுன் கரையோரக் கட்டடத்துக்கான குண்டு நீரிணையின் மேலேயே, நம் கரைக்குப் பக்கத்திலேயே விடுவிக்கப்பட்டுவிடும்.

இதன் பொருள் என்ன? விமானம் தலைக்கு நேர் மேலே வரும்வரை ஆபத்தில்லை என்று தெருவில் நின்றவர்கள் நினைத்திருக்கலாம். உண்மையில் விமானம் இன்னும் 2.5 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும்போதே அவர்களுக்கான குண்டு கிளம்பிவிட்டது. விமானம் தலைக்கு மேல் வரும் நேரமும் குண்டு தரையைத் தொடும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

25 விநாடி என்பது சாக்கடையில் இறங்கிப் படுக்கவும், சுவரோரம் ஒதுங்கவும் போதுமான நேரம். ஆனால் அதைப் பயன்படுத்த, அப்படி ஒரு நேரம் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அன்றைய பினாங்கு மக்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். தங்கள் ஊரில் அதுவரை நடக்காத ஒன்றை அவர்கள் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

பீரங்கியை எங்கே வைப்பது?

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. நகரின் நடுவில் ஒரு விமான எதிர்ப்புப் பீரங்கி இருப்பதாகவும், அது 6 கிலோமீட்டர் வரை நன்றாகச் சுடுவதாகவும் கொள்வோம். விமானம் 6 கிலோமீட்டருக்குள் நுழைகிறது. 2.5 கிலோமீட்டரில் குண்டை விடுவிக்கிறது. இடைப்பட்டது 3.5 கிலோமீட்டர், அதாவது 35 விநாடி. நிமிடத்துக்குப் பத்துக் குண்டு என்றால், ஒரு பீரங்கி அதற்குள் ஐந்தாறு முறைதான் சுட முடியும். அதனால்தான் இத்தகைய பீரங்கிகளை நகருக்கு வெளியே, விமானம் வரும் வழியில், கடலோரத்திலும் எதிர்க்கரையிலும் வளையமாக அமைப்பார்கள். பினாங்கைக் காக்க வேண்டுமென்றால் செபராங் பிறையிலும் பீரங்கி வேண்டும்!

பீரங்கி இருந்திருந்தால் ஒரு விமானமும் தப்பியிருக்காது என்று சொல்ல முடியாது. போரின் தொடக்கத்தில் லண்டனில் ஒரு விமானத்தை வீழ்த்த ஆயிரக்கணக்கான குண்டுகள் செலவாயின. ஆனால் கீழிருந்து சுடும்போது விமானிகள் உயரே ஏறுவார்கள், நேர்கோட்டில் பறக்கத் தயங்குவார்கள். 6,000 மீட்டரிலிருந்து விழும் குண்டு 35 விநாடி காற்றில் இருக்கும். குறி அதற்கேற்பத் தவறும். சுடுவார் இல்லாத ஊரின் மேல் தாழப் பறந்து, நிதானமாகக் குறிவைக்கலாம். பினாங்கில் நடந்தது அதுதான்.

கொடியை இறக்கிய தமிழர்

டிசம்பர் 13ஆம் தேதி இரவு ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் சத்தமில்லாமல் தீவிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 16ஆம் தேதி இரவோடு படையினரும் போய்விட்டார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் எனத் தீவின் மக்கள் அங்கேயே விடப்பட்டார்கள்.

அந்த வேளையில் முன்வந்தவர்களில் ஒருவர் மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கைத் தமிழர், ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ நாளிதழின் ஆசிரியர். எல்லா இனத்தவரும் சேர்ந்த குழு ஒன்று அவர் தலைமையில் நகர நிர்வாகத்தைக் கையில் எடுத்தது. கார்ன்வாலிஸ் கோட்டையில் இன்னும் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை அவர் இறக்கினார். நகரில் படை இல்லை, இனி குண்டு வீச வேண்டாம் என்று வானொலி வழியே ஜப்பானியருக்குத் தெரிவிக்க ஏற்பாடு செய்தார். 19ஆம் தேதி ஜப்பானியப் படை தீவுக்குள் நுழைந்தது.

வானிலிருந்து வந்த ஆபத்தை நிறுத்த அந்த வாரத்தில் பினாங்கு மக்களின் கையில் இருந்தது ஒரு வானொலிச் செய்தி மட்டுமே.

என் மாணவனுக்குச் சொன்ன பதில்

பத்து மாவுங் கோட்டையைக் கட்டியவர்கள் மோசமாகக் கட்டவில்லை. சுவர்கள் இன்றும் நிற்கின்றன. 2002இல் அது போர் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அவர்கள் தீர்த்து வைத்தது 1914ஆம் ஆண்டின் கேள்வியை. 1941 வேறொரு கேள்வியோடு வந்தது.

வெள்ளத் தடுப்பானாலும், தீயணைப்பானாலும், கைப்பேசியில் நாம் வைக்கும் கடவுச்சொல்லானாலும், ஒரு பாதுகாப்பைப் பார்க்கும்போது "இது எதைத் தடுக்கும்?" என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். "இது எதைத் தடுக்காது?" என்றும் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்வியைத்தான் என் மாணவன் அன்று குன்றின் மேல் கேட்டான்.

செய்து பாருங்கள்

(காற்றுத் தடை இல்லை என்று கொள்க. g = 9.8 மீ/வி², ஒலியின் வேகம் 340 மீ/வி.)

1. விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில், 2,000 மீட்டர் உயரத்தில் கிடையாகப் பறக்கும் விமானத்திலிருந்து ஒரு பொருள் விழுகிறது. தரையை அடைய எவ்வளவு நேரம்? எவ்வளவு தூரம் முன்னால் சென்று விழும்?

2. 5.1 கிலோமீட்டர் தொலைவில் உள்ள விமானத்தின் ஒலி உங்களை அடைய எத்தனை விநாடி ஆகும்? விமானத்தின் வேகம் விநாடிக்கு 120 மீட்டர் என்றால், அதற்குள் அது எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கும்?

3. ஒரு விமானம் 8,000 மீட்டர் நேர்தூரத்தில் 30 டிகிரி கோணத்தில் தெரிகிறது. அதன் உயரம் என்ன?

4. உங்கள் பள்ளியில் உள்ள ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டைத் தேர்ந்தெடுங்கள். அது எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று ஐந்து வாக்கியங்களில் எழுதுங்கள்.

விடைகள்: 1. சுமார் 20 விநாடி, சுமார் 2 கிலோமீட்டர். 2. 15 விநாடி, 1,800 மீட்டர். 3. 4,000 மீட்டர். 4. விடை உங்களிடம்.